மார்கழிக்கு முகப்பில் நிறம்: அலங்காரக் கேலை விதைப்பதா, வாங்குவதா, விட்டுவிடுவதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குச் செடி வாங்கும் ஆசை வருவது பெரும்பாலும் ஐப்பசியில்தான். வெயில் கொஞ்சம் இறங்கி, மழை பிடித்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கத் தொடங்கும் சமயம் அது. பிள்ளையார் நோன்புக்குச் சென்னையிலிருந்து வருவார்கள், பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வருவார்கள், தையில் கல்யாணம் ஒன்றாவது இருக்கும். அதற்குள் முகப்புப் படியின் இரண்டு பக்கமும் நிறமாக ஏதாவது நிற்க வேண்டும். இந்த நேரத்தில் கைப்பேசியில் தேடினால் கண்ணில் படுவது அலங்காரக் கேல். வெளியே சாம்பல் பூத்த பச்சை இலை, ஓரமெல்லாம் சுருள், நடுவில் ரோஜா நிறத்திலோ ஊதாவிலோ பால் வெள்ளையிலோ கையகலத்துக்கு விரிந்து நிற்கும். பார்த்தால் பூ, உண்மையில் அத்தனையும் இலை. பொட்டலத்துப் படத்தைப் பார்த்துவிட்டு விதை வாங்காமல் வருவது கஷ்டம்தான்.

வாங்குவதற்கு முன் நான்கு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். விதை வாங்கி இங்கேயே முளைக்க வைப்பது ஒன்று. நிறம் ஏறிய செடியாகவே நர்சரியில் வாங்குவது இன்னொன்று. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே வளர்த்து இங்கே இறக்குவது மூன்றாவது. கேலை மறந்துவிட்டு, நம் ஊர்க் குளிருக்கே நிறம் காட்டும் செடிகளை வைப்பது நான்காவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செட்டிநாட்டில் நிறத்துக்காகக் கேல் விதைப்பது வீண் வேலை. மற்ற மூன்றும் அவரவர் தேவையைப் பொறுத்தது.

எல்லாம் இரவின் கையில்

அலங்காரக் கேல் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் ஆகியவற்றின் சொந்தம். தாவரவியலில் எல்லாமே பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனம். காய்க்கு வளர்ப்பதா, பூவுக்கா, தண்டுக்கா, இலைக்கா என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பிரித்த வகைகள். இலை அழகுக்காக இதை வெகுவாக மேம்படுத்தியவர்கள் ஜப்பானியர்கள். அங்கே இதன் பெயர் ஹபோதான். புத்தாண்டு அலங்காரத்தில் பைனும் மூங்கிலும் வைக்கும் இடத்தில் இதையும் வைப்பார்கள். விதைப் பொட்டலங்களில் நகோயா, ஒசாகா என்று ஊர்ப் பெயர்கள் இருப்பது அதனால்தான். நகோயா என்றால் ஓரம் சுருண்டது, ஒசாகா என்றால் வட்ட இலை லேசாக அலை வீசுவது, பீகாக் என்றால் இலை இறகு போலக் கிழிந்தது.

இந்தச் செடி நிறம் மாறுவது எப்படி என்று தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். இளஞ்செடியாக இருக்கும்போது எல்லா வகையும் ஏறக்குறைய ஒரே பச்சைதான். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், நடுவில் புதிதாக விரியும் இலைகளில் பச்சையம் உருவாவது குறைகிறது. சிவப்பு, ஊதா வகைகளில் அந்த இடத்தை ஆந்தோசயனின் என்ற நிறமி எடுத்துக்கொள்கிறது. வெள்ளை வகையில் அந்த நிறமியும் கிடையாது, அதனால் இலை வெளுத்துப் பாலாக நிற்கிறது. 10 டிகிரியை ஒட்டிய இரவுகள் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் படத்தில் பார்த்த நிறம் முழுசாக வரும். பகல் வெயில் அடித்தாலும் பரவாயில்லை. இரவு குளிர வேண்டும்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். காரைக்குடியில் மார்கழி, தை இரவுகள் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். எப்போதாவது ஒரு விடியற்காலை இன்னும் கொஞ்சம் இறங்கும், நாமும் போர்வையைத் தேடுவோம், ஆனால் செடிக்கு அது போதாது. டெல்லியில் ஜனவரி இரவு 7, 8 டிகிரி. அதனால்தான் அங்கே ரவுண்டானாவுக்கு ரவுண்டானா கேல் நிற்கிறது. பெங்களூரில் ஜனவரி இரவு 15, 16; அங்கேயே நிறம் அரைகுறையாகத்தான் ஏறும். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். அங்கே மார்கழி இரவு 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த எண்களை வரிசையாக வைத்தாலே காரைக்குடி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் வீடுகளின் அமைப்பு இதில் இன்னொரு இடைஞ்சல். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடிமனான சுவர், பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெதுவாக விடும். அதற்காகத்தான் அப்படிக் கட்டினார்கள். கோடையில் பகல் சூடு உள்ளே வராது, குளிர்காலத்தில் இரவு குளிர் உறைக்காது. நமக்கு சுகம். ஆனால் நான்கு பக்கமும் அப்படிப்பட்ட சுவர் சூழ்ந்த முற்றத்தில் தொட்டியை வைத்தால், வெளியே திறந்தவெளியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கதகதப்பாகவே அது விடியும். கேலுக்கு வேண்டாத ஒரே சுகம் அது.

ஏசி அறையில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஏசியை 16-க்குக் குறைத்தாலும் வேண்டிய குளிர் வராது. அதோடு ராத்திரி உள்ளே, பகல் வெளியே என்று மூன்று வாரம் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கரண்ட் பில்லை நினைத்தால் கொடைக்கானலுக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம்.

இங்கேயே விதைத்தால் என்ன நடக்கும்

ஏமாற்றமே இங்கேதான் ஒளிந்திருக்கிறது, ஏனென்றால் தொடக்கம் பிரமாதமாக இருக்கும். கேல் விதை முளைக்க 18 முதல் 21 டிகிரி உகந்தது என்பார்கள். ஆனால் கடுகுக் குடும்பத்து விதைக்கு 28, 30 டிகிரியிலும் முளைப்பதில் பெரிய தயக்கம் கிடையாது. குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, விதையை மேலாகத் தூவி, மூடியும் மூடாமலும் மெல்லிசாக நார்க்கழிவு போட்டால் நாலைந்து நாளில் இதய வடிவ இரட்டை இலை எட்டிப் பார்க்கும். ஒரு கிராம் விதையில் 250-க்கு மேல் இருக்கும். ஒரு சிட்டிகை போதும், தட்டு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் உண்மையான இலை மூன்று நான்கு ஆனதும் சிறு தொட்டிக்கு மாற்றி, அடி இலை வரை தண்டு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட வேண்டும். இல்லாவிட்டால் செடி கழுத்து நீண்டு சாயும். பிறகு ஆறு அங்குலத் தொட்டி. இதுவரை எல்லாம் சரியாகப் போகும்.

நவம்பரில் மழை கொட்டும். வடகிழக்குப் பருவமழை நமக்கு வருவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதாவது நாற்று பச்சைக் குழந்தையாக இருக்கும் அதே வாரங்களில். திறந்தவெளியில் வைத்த தட்டில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் போல இளைத்து, ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல். திண்ணைக் கூரையின் கீழ், காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் தட்டை வைத்தால் தப்பிக்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. போர் தண்ணீர் இங்கே பல இடங்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். லேசான அமிலத் தன்மையை விரும்பும் கேலுக்கு அது ஆகாது, இளம் இலை வெளிறும். ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்து அண்டாவில் பிடித்து வைக்கும் மழைத் தண்ணீரை நாற்றுக்கு ஊற்றினால் அந்தப் பிரச்சினை இல்லை.

மழை ஓய்ந்தால் புழு. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: விரல் நக நீளம்கூட இருக்காது, வெளிர் பச்சை, இரண்டு முனையும் கூம்பியிருக்கும். குச்சியால் தொட்டால் துடிதுடித்துப் பின்னால் நெளிந்து, ஒரு மெல்லிய நூலில் தொங்கி இறங்கும். அதுதான் வைரமுதுகுப் பூச்சியின் புழு. இலையின் மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு அடியில் சுரண்டித் தின்னும். வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்களாகத் தெரியும், பிறகு அது ஓட்டையாகிவிடும். முட்டைக்கோஸ் விவசாயிகள் பொறிப்பயிராகக் கடுகு விதைத்து இந்த அந்துப்பூச்சியை அந்தப் பக்கம் திருப்புவார்கள். தொட்டிக்காரர்களும் பக்கத்தில் ஒரு தொட்டியில் அஞ்சறைப் பெட்டிக் கடுகையே தூவி வைக்கலாம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடிக்கலாம், ஆனால் கேல் இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் சோப்பு சேர்க்காத கரைசல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சுருளுக்குள் அசுவினி புகுந்துவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான் வழி.

இத்தனையும் பார்த்து, பத்துப் பன்னிரண்டு வாரம் வளர்த்து, தை பிறந்ததும் கையில் இருப்பது என்ன? ஆரோக்கியமான, சுருள் சுருளான, நீலம் கலந்த பச்சைச் செடி. சிவப்பு வகையாக இருந்தால் காம்பிலும் நரம்பிலும் ஒரு ஊதா ரேகை ஓடும். வெள்ளை வகையாக இருந்தால் நடு இலை கொஞ்சம் இளம்பச்சை. அவ்வளவுதான். விருந்துக்கு வந்த அயித்தை, "முட்டைக்கோஸ் எப்ப உருண்டு வரும்?" என்று கேட்பார்.

சரி, சாப்பிடலாமே என்றால் சாப்பிடலாம். கீரைக்கான கேலைவிடக் கசப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் விஷமில்லை. நீங்கள் விதைத்து, மருந்தடிக்காமல் வளர்த்த செடியென்றால் இளம் இலையைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு பொரியலில் சேர்க்கலாம். நர்சரியில் வாங்கிய அலங்காரச் செடியைச் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதற்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

நிறம் ஏறிய செடியாக வாங்குவது

குளிர்ப் பகுதியில் வளர்ந்து, நிறம் முழுசாக ஏறிய பிறகு கீழே வரும் செடிகளை டிசம்பர், ஜனவரியில் பெரிய நர்சரிகளில் பார்க்கலாம். எல்லா ஊரிலும் வராது. முன்பே சொல்லி வைத்தால் திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வரவழைத்துத் தருபவர்கள் உண்டு. ஏற்கெனவே நிறம் மாறிய இலை உடனே பச்சைக்குத் திரும்பிவிடாது. அது பழுத்து உதிரும் வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதிதாக நடுவில் வரும் இலைதான் நம் இரவைப் பார்த்துவிட்டுப் பச்சையாக விரியும். ஆக, வந்த நாளிலிருந்து இரண்டு வாரம் அருமையாக இருக்கும், மூன்றாம் வாரம் பரவாயில்லை, அதற்குப் பிறகு நடுவில் ஒரு பச்சைக் கொத்து கிளம்பித் தண்டு நீள ஆரம்பிக்கும். மலையில் நல்ல குளிரைப் பார்த்து வந்த செடி என்றால் மாசியில் உயரமாகத் தண்டு விட்டு, கடுகுப் பூ மாதிரியே நாலு இதழ் மஞ்சள் பூவும் பூத்துவிடும்.

நர்சரிக்காரர்களிடம் நேரடியாகக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

"அண்ணே, இது நம்ம ஊர்ல நிக்குமா?"

"பொங்கல் முடியிற வரைக்கும் நிக்கும் ஆச்சி. அதுக்கப்புறம் நீங்க என்னைத் திட்டக் கூடாது."

கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் சரவிளக்கு மாதிரிதான் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வார அலங்காரத்துக்கு இந்த விலை சரிப்படுமா என்று மட்டும் கணக்குப் போடுங்கள். செடி தங்குமா என்ற கேள்வியே எழக் கூடாது. தையில் கல்யாணம் இருக்கிறது, முகப்பில் பத்துப் பதினைந்து தொட்டி வரிசையாக வைத்துப் படம் எடுக்க வேண்டும், அல்லது கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறீர்கள், ஜனவரியில்தான் விருந்தினர் கூட்டம் என்றால் இந்த வழி நியாயமானது. நோன்புக்கும் வேண்டும், பொங்கலுக்கும் வேண்டும் என்றால் கணக்கு இடிக்கும். பிள்ளையார் நோன்பு கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள். அது முந்தி வரும் வருஷத்தில் அன்றைக்கு வாங்கிய செடி பொங்கலுக்குள் களை இழந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது நடு இலை நெருக்கமாக, தரையோடு படிந்து இருப்பதைப் பாருங்கள். தண்டு ஏற்கெனவே நாலு விரல் தெரிந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உரம் போடவே கூடாது. தழைச்சத்து கிடைத்த மறுவாரமே பச்சை கிளம்பும். காலை வெயில் மட்டும் படும் கிழக்கு முகப்பு உத்தமம். மேற்கு வெயில் அடிக்கும் தளத்தில் வைத்தால் மதியத்தில் துவண்டுவிடும். பழுத்த அடி இலையைத் தினமும் கிள்ளி எடுங்கள், அழுகினால் முட்டைக்கோஸ் நாற்றம் வரும். தண்டோடு வெட்டி ஜாடியில் வைக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: ஒரு நாள் தண்ணீர் மாற்ற மறந்தாலும் பட்டாலைக் கூடம் முழுக்க மணக்கும், நல்ல அர்த்தத்தில் அல்ல.

நிறத் தேர்வில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஏற்கெனவே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் போதுமான அளவு இருக்கின்றன. அங்கே ஊதாக் கேலை வைத்தால் எதுவும் எடுபடாது. வெள்ளை வகையை அந்தச் சிவப்புத் தரையில் வைத்துப் பாருங்கள், தூரத்திலிருந்தே தெரியும். ஊதா வேண்டுமென்றால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வையுங்கள்.

மலையில் வளர்த்து இறக்குவது

இதற்கு மலையில் ஆள் வேண்டும், அதுவும் பொறுமையான ஆள். காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஜனவரி இரண்டாம் வாரம் செடி இங்கே இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியில் அங்கே விதை விழ வேண்டும். நவம்பர் வரை செடி உடம்பு பிடிக்கும், அதற்குப் பிறகு வரும் குளிரில் நிறம் ஏறும். உடம்பு பிடிக்கும் முன்பே குளிர் வந்துவிட்டால் நிறம் வரும், ஆனால் செடி கிண்ணம் அளவிலேயே நின்றுவிடும். அங்கேயும் ஐப்பசி மழை உண்டு, ஆகவே நாற்றுக்குக் கூரை அங்கேயும் கட்டாயம். கொண்டுவரும்போது முதல் நாள் மாலையே தண்ணீர் விட்டு, வடிய வைத்து, மறுநாள் வெயில் ஏறும் முன் மலை இறங்கிவிட வேண்டும். டிக்கியில் அடைத்து வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் முடிந்தது.

வாங்குவதைவிட இது மலிவா என்றால், பெட்ரோலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மலிவு. எப்படியும் போய்வருகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

நம் குளிரே போதும் என்னும் செடிகள்

கேலுக்குப் போதாத அதே 20 டிகிரி இரவு, இன்னொரு கூட்டத்துக்கு அமிர்தம். அதில் முதலிடம் டிசம்பர் பூவுக்கு. ஊதா, வெள்ளை, ரோஸ், ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது என்று நம் கொல்லையில் பாட்டி காலத்திலிருந்து நிற்பதால் அதை நாம் தோட்டச் செடியாகவே மதிப்பதில்லை. ஆனால் மழை விட்டதும் தொடங்கி மார்கழி முழுக்கப் பூக்கும். ஒரு முறை வேர் பிடித்தால் வருஷா வருஷம் வரும். பூ முடிந்ததும் மாசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், மழைக்காலத்தில் ஒரு குச்சியை வெட்டி நட்டால் புதுச் செடி. வாசம் கிடையாது, ஆனால் கட்டித் தலையில் வைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் கேல் ஆச்சிகளிடம் தோற்றுப் போகும். தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது, வெறுமனே பார்ப்பதற்கு எதற்கு இத்தனை தண்ணீர் என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இலை நிறம்தான் வேண்டும், தொட்டியில் வட்டமாக நிற்க வேண்டும், அதாவது கேல் தரும் அதே காட்சி வேண்டும் என்றால் கோலியஸ். விதையிலும் வரும், குச்சியிலும் வரும். விதை தூசு மாதிரி. மேலே தூவி மூடாமல் விட வேண்டும், முளைக்க வெளிச்சம் தேவை. பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், தொட்டி நிறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அவசரமென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து தண்ணீரில் போட்டால் இரண்டு வாரத்துக்குள் வேர். மண்ணுக்கு மாற்றி, நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் குடையாக விரியும். நீலப் பூங்கதிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் இலை சிறுக்கும். குளிர்ந்த நாட்டில் கோலியஸ் பனிக்கு முன்பே சுருண்டுவிடும். கேல் கொண்டாடும் இரவு கோலியஸைக் கொல்லும். நம் ஊரில் கதை தலைகீழ். அரை நிழல் விழும் திண்ணை ஓரமும், முற்றத்துத் தூண் நிழலும் இதற்குக் கச்சிதம். நாள் முழுக்க நேர்வெயில் பட்டால் சில வகைகளின் நிறம் வெளுக்கும்.

வெயில் நன்றாக அடிக்கும் இடத்துக்குக் கோழிக்கொண்டை. விதையிலிருந்து வளர்த்த திருப்தி வேண்டும் என்பவர்களை நான் அனுப்புவது இதன் பக்கம்தான். புரட்டாசிக் கடைசியில் தட்டில் விதைத்து, நாற்று சின்னதாக இருக்கும்போதே இடம் மாற்றிவிட வேண்டும். தட்டிலேயே வேர் சுருண்டு நெருங்கினால் விரல் அளவிலேயே கொண்டை வைத்து நின்றுவிடும். பகல் குறையக் குறையப் பூ முந்தும் இயல்புள்ள செடி என்பதால், மார்கழிக்கு இது தானாகவே தயாராகும். கருஞ்சிவப்பு வெல்வெட்டு மடிப்புக்குள் விரலை விட்டால் கறுப்பாக, பளபளவென்று விதை கொட்டும். அடுத்த வருஷத்துக்கு விதைக் காசு மிச்சம். வாடாமல்லியும் இதே பாடம்தான், இன்னும் குறைவான பராமரிப்பு, செம்மண் சரளையிலும் கோபிக்காமல் வளரும். இரண்டையும் மாலையில் சேர்க்கலாம்.

செண்டுமல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜீனியாவை மார்கழிப் பனியில் தவிர்க்கலாம், இலையெல்லாம் சாம்பல் நோய் பூத்துவிடும்.

கேல் மாதிரியே இருக்க வேண்டும், அந்தக் கோஸ் குடும்பத்து மெழுகு இலை அழகை விட மனமில்லை என்றால் ஊதா நூக்கல் விதைத்துப் பாருங்கள். அதன் ஊதா பிறவியிலேயே உள்ளது, குளிரைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பச்சை இலை, ஊதாக் காம்பு, மண்ணுக்கு மேலே உருண்டு நிற்கும் ஊதாக் கிழங்கு. இரண்டு மாதத்தில் தயாராகும், முற்ற விடாமல் கிரிக்கெட் பந்து அளவில் பறித்தால் சாம்பாருக்கு ஆகும். ஊதா முட்டைக்கோஸும் அப்படியே, ஆனால் நம் சூட்டில் உருண்டை இறுகாமல் தளர்வாக நிற்கும். அலங்காரத்துக்கு அதுவே நல்லது. புழு இரண்டுக்கும் வரும், கடுகுத் தொட்டியை மறக்க வேண்டாம். இன்னும் வேகமாக வேண்டுமென்றால், உச்சி இலை மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் அலங்காரத் தண்டுக்கீரை இருக்கிறது. ஆறேழு வாரத்தில் நிறம் வந்துவிடும், மழை சற்று விட்ட நேரம் பார்த்து, கார்த்திகை பிறந்ததும் விதைத்தால்கூடப் பொங்கலைப் பிடித்துவிடலாம்.

யாருக்கு எது

வீட்டில் யாராவது நிரந்தரமாக இருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றால் மதிலை ஒட்டி டிசம்பர் பூ, திண்ணையில் கோலியஸ், வாசல் வெயிலில் கோழிக்கொண்டை. இதற்கு மேல் நான் போக மாட்டேன். பூட்டிய வீடு, காவலுக்கு இருப்பவர் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் காட்டுவார் என்ற நிலை என்றால் டிசம்பர் பூவும் வாடாமல்லியும் மட்டும். நாற்று விடும் ஆசையெல்லாம் வேண்டாம். கல்யாணம், விடுதி, படப்பிடிப்பு என்று தேதி குறித்த வேலை என்றால் நிறம் ஏறிய கேலையே வாங்குங்கள், தேதிக்கு ஒரு வாரம் முன்பு வந்து இறங்கினால் போதும். மொட்டை மாடியில் பிள்ளைகளோடு விதை போட்டு முளைப்பதைப் பார்ப்பதே சந்தோஷம் என்பவர்கள் கேலையும் போடலாம், பச்சையாகவே இருக்கும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

ஏற்கெனவே விதை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கோஸ் குடும்பத்து விதை ஈரம் படாமல் வைத்தால் மூன்று நான்கு வருஷம் வரை முளைக்கும். பொட்டலத்தை மடித்து, இறுக்கமான மூடி போட்ட சின்ன பாட்டிலில் போட்டு, கூடவே ஒரு ஸ்பூன் வறுத்து ஆறவைத்த அரிசியும் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிடுங்கள். மேலே வருஷத்தை எழுதி ஒட்டுங்கள். ஊட்டியிலோ கொடையிலோ இருக்கும் உறவுக்காரர் ஆவணி வாக்கில் ஊருக்கு வந்தால், திரும்பிப் போகும்போது பலகாரப் பையோடு அதையும் கொடுத்தனுப்பலாம்.